கணைய வலிக்கு ஆபரேஷன் கடைசி வழி என்று யார் சொன்னது?

சட்டையைத் தூக்கச் சொன்னதும் பாதி தெரிந்துவிடும். தொப்புளுக்கு மேலே வலை விரித்ததுபோல் பழுப்புத் தடம், வெந்நீர்ப் பை வைத்து வைத்து வந்தது. நீலகிரிக் குளிரில் வெந்நீர்ப் பை இல்லாத வீடு குறைவு. ஆனால் தோல் கறுக்குமளவு அதை வயிற்றில் அணைத்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருப்பவர் என்றால் எனக்கு முதலில் கணையம்தான் நினைவுக்கு வரும். கணையம் வருடக்கணக்கில் வீங்கிப் புண்படும் இந்த நோய்க்கு நாள்பட்ட கணைய அழற்சி என்று பெயர். சமீபத்தில் கோத்தகிரிப் பக்கமிருந்து இன்னொருவர் வந்தார். குடிப்பழக்கமே இல்லை, ஊரார் நம்பவில்லை, அது வேறு கதை. கணையக் குழாயில் கற்கள், குழாய் நன்றாக விரிந்திருக்கிறது, அடைப்பைத் திறந்துவைக்கக் குழாய்க்குள் செருகும் ஸ்டென்ட் என்ற சிறு குழலைப் பலமுறை மாற்றியாயிற்று, இப்போது வலி ஊசியில் ஓடுகிறது. ஆபரேஷன் பற்றிப் பேசினார்களா என்றால் மனைவி முந்திக்கொள்கிறார்: "அதெல்லாம் கடைசியாப் பார்த்துக்கலாம் சார்."

இந்தக் 'கடைசி'யைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. வருடக்கணக்கில் வலித்தால் வலியைச் சுமக்கும் நரம்புகளும் தண்டுவடமும் மூளையும் மாறிப்போகின்றன. அப்புறம் கணையத்தைச் சரிசெய்தாலும் வலி முழுசாக விடாது. இப்படித் தாமதமாகப் போனவருக்கு வலி மிச்சமிருந்தால் "ஆபரேஷன் பண்ணியும் கேட்கல" என்று ஊர் முழுக்கப் பரவும். அதைக் கேட்டு அடுத்தவர் இன்னும் தள்ளிப்போடுவார். ஆபரேஷனுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவதே இந்தத் தாமதம்தான்.

நெதர்லாந்தில் 88 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2020இல் வெளியானது. கடும் வலி மருந்து தேவைப்படத் தொடங்கியதுமே ஒரு பிரிவினருக்கு ஆபரேஷன். மற்றவர்களுக்கு மாத்திரை, பிறகு வாய்வழியே குழாய் விட்டுச் செய்யும் எண்டோஸ்கோப்பி என்று படிப்படியாக. 18 மாதங்களில் முதல் பிரிவினருக்கே வலி குறைவு. எல்லோருக்கும் வலி அறவே போனது என்று சொல்ல மாட்டேன், போகவில்லை. சரி, சர்ஜன் கத்திக்குத்தானே பேசுவார் என்பீர்கள். நானும் சர்ஜன்தான், ஆனால் இந்த ஆபரேஷனை நான் செய்வதில்லை, மலைக்குக் கீழே அனுப்பிவைக்கிறேன்.

எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டியதில்லை. வலியே இல்லையென்றால் ஸ்கேனில் தெரியும் கல்லுக்காக யாரும் வயிற்றைத் திறக்க வேண்டாம். கணையத் தலைப்பகுதியில் ஒன்றிரண்டு கல் மட்டும் என்றால் அதிர்வலையால் உடைத்து எண்டோஸ்கோப்பியில் எடுத்துப் பார்க்கலாம். குழாய் நீளத்துக்குக் கல், குழாயும் விரிந்திருக்கிறது என்றால் அதை நெடுகத் திறந்து சிறுகுடலோடு இணைப்பார்கள். தலைப்பகுதி தடித்திருந்தால் அதன் உள்சதையையும் குடைந்தெடுப்பார்கள். இது ஃப்ரே முறை. தலைப்பகுதியில் புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் அதை ஒட்டிய சிறுகுடலோடு சேர்த்து எடுக்கும் விப்பிள் ஆபரேஷன். முழுக் கணையத்தையும் எடுப்பது அரிது.

"ஆபரேஷன் செய்தால் சுகர் வந்துவிடுமாம்." சுகரைக் கொண்டுவருவது பெரும்பாலும் இந்த நோயேதான். குழாயைத் திறந்து இணைக்கும் முறையில் வெட்டியெடுக்கும் சதை குறைவு. பாதியோ முழுசாகவோ எடுத்தால் பயம் நியாயமானது. முழுசாக எடுத்தால் இன்சுலின் கட்டாயம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்காரர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஸ்டென்டைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது அடைத்துக் குளிர்காய்ச்சல் வந்தால் அன்றே கீழே இறங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்துக் கிடக்கும்போது என்ன செய்வீர்கள்? சமவெளி ஆட்களுக்கு இந்தக் கணக்கு இல்லை.

குடியை மட்டுமல்ல, பீடி சிகரெட்டையும் விடுங்கள். பீடி நுரையீரலுக்குத்தான் கேடு என்று என்னிடம் வாதாட வேண்டாம். செரிமானத்துக்குத் தரும் என்சைம் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் காசுதான் வீண். தெரிந்த மருந்துக்கடையில் வலி ஊசி போட்டுக்கொள்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். திடீரென்று எடை குறைந்தாலோ கண் மஞ்சளானாலோ மறுநாளைக்குக்கூடத் தள்ள வேண்டாம்.

கோவையோ கோழிக்கோடோ, எங்கே போனாலும் இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்கிற சர்ஜனா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தால் அட்மிஷனுக்கு முன்பே காட்டி, செல்லுமா என்று விசாரியுங்கள். ரிப்போர்ட் தாளோடு ஸ்கேன் தகடையும் எடுத்துப் போங்கள். குழாயின் அகலத்தை அந்த சர்ஜன் தன் கண்ணால் பார்த்தாக வேண்டும்.