புகை டெஸ்டில் வண்டி தேறவில்லையா? நிராகரிப்புச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்

கோத்தகிரியில் கேரட் லோடு அடிக்கும் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன், புகைச் சான்றுக்காக மூன்று நாள் வாடகையை விட்டார். முதல் நாள், "புகை ஜாஸ்தி, மெக்கானிக்கிட்ட காட்டிட்டு வாங்க" என்றார்கள். அடுத்த தடவை மெஷின் ரிப்பேர். மூன்றாம் தடவை ஓ.டி.பி. வரவில்லை. மூன்று தடவையும் வெறுங்கையோடுதான் திரும்பினார். நாலாம் நாள் செக்கிங்கில் மாட்டியபோது, டெஸ்டுக்குப் போனதைக் காட்ட அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

விதி இவ்வளவுதான்: பதிவாகி ஓராண்டு முடிந்த வண்டிக்குப் புகைச் சான்று வேண்டும். பி.எஸ். 4, பி.எஸ். 6 (பி.எஸ். என்பது பாரத் ஸ்டேஜ், அரசு வகுத்த புகைத் தரம்) வண்டிகளுக்குச் சான்று 12 மாதம் செல்லும், பழையவற்றுக்கு 6 மாதம். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம், லைசென்ஸும் 3 மாதம் முடங்கலாம்.

அண்ணனுக்கு யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. 2021 ஜூனில் நாடு முழுக்க ஒரே மாதிரிச் சான்று வந்தபோது, கூடவே நிராகரிப்புச் சீட்டும் வந்தது. வண்டி தேறவில்லை என்றால் அளவு எவ்வளவு காட்டியது என்று எழுதி அவர்கள் கொடுக்க வேண்டும். கேட்காவிட்டால் பெரும்பாலும் கிடைக்காது, கேளுங்கள். மெக்கானிக்கிடம் அதைக் காட்டலாம். மெஷின்மேல் சந்தேகம் இருந்தால் அதையே எடுத்துக்கொண்டு வேறு சென்டருக்கும் போகலாம். ஆனால் இந்தச் சீட்டு சான்றுக்குப் பதிலாகாது, இதை நம்பி வண்டியை ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள்.

சீட்டு கைக்கு வந்ததும் வரம்பைப் பாருங்கள். டீசல் வண்டியில் பி.எஸ். 4-க்கு முந்தியதற்குப் புகை அடர்த்தி 65 யூனிட் வரை விடுவார்கள், பி.எஸ். 4-க்கு 50தான். ஆர்.சி.யில் பி.எஸ். விவரம் காலியாகவோ தப்பாகவோ இருந்தால் இங்கேதான் இடிக்கும். 12 மாதம் கிடைக்க வேண்டியவருக்கு 6 மாதம் போட்டு அனுப்புவதும் இதனால்தான். டெஸ்டுக்கு முன்பே ஆர்.சி.யைப் பார்த்துவிடுங்கள்.

மலைக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்று லேசு. மேட்டுப்பாளையத்தில் டியூன் செய்த கார்புரேட்டர் வண்டி மேலே வந்தால் காற்று குறைந்து பெட்ரோல் அதிகமாகக் கலக்கும், கார்பன் மோனாக்சைடு ஏறும். மைலேஜும் அதோடு போகும், அதனால் மேலே இருக்கும் மெக்கானிக்கிடமே டியூன் பண்ணுங்கள். ஏர் ஃபில்டரையும் மாற்றுங்கள். டீசல் வண்டியைப் பனியில் நிறுத்தி எடுத்த கையோடு டெஸ்டுக்கு விடாதீர்கள், எஞ்சின் ஆயில் 60 டிகிரியாவது ஏறியிருக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஏற்றத்தில் ஓட்டிவிட்டுப் போவது நல்லது.

சாலையில் எஸ்.ஐ.யோ மோட்டார் வாகன ஆய்வாளரோ புகையைச் சந்தேகித்து நிறுத்தினால், டெஸ்ட் எடுத்து வரச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். அதற்கு 7 நாள் உண்டு. வாய்வார்த்தையாகச் சொன்னால், "எழுதிக் கொடுங்க சார்" என்று மரியாதையாகக் கேளுங்கள். சான்று போனில் டிஜிலாக்கர் ஆப்பிலோ எம்-பரிவாகன் ஆப்பிலோ இருந்தால் போதும், காகிதம் எங்கே என்று கேட்க முடியாது. வேறு மாநிலத்தில் எடுத்த சான்றும் செல்லும். புகைச் சான்று இல்லை என்பதற்காக விபத்து இன்சூரன்ஸை மறுக்க முடியாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. ஏஜென்ட் பயமுறுத்தினால் கண்டுகொள்ளாதீர்கள்.

அப்புறம் அந்த ஓ.டி.பி. விஷயம். அண்ணன் பிக்கப்பைக் கைமாற்றி வாங்கியவர், பெயர் மாற்றவில்லை. பதிவில் இருந்தது பழைய ஓனரின் போன் நம்பர், ஓ.டி.பி. அதற்குத்தான் போனது. திருப்பூரில் இருக்கும் அவர் போனை எடுப்பார் என்று சென்டரில் உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். செகண்ட் ஹேண்ட் வண்டி வைத்திருப்பவர்கள் பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். வண்டி உங்கள் பெயரிலேயே இருந்து நம்பர் மட்டும் பழையது என்றால் பரிவாகன் தளத்தில் மாற்றலாம். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் கேட்கும், ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.