தாத்தாப்பூ எந்தக் குடும்பம்?

ராயபுரத்தில் ரயில் பாதையோரம் நடந்தால் சரளைக்கல் இடுக்கில் ஒரு பூண்டு கண்ணில் படும். ஒல்லியான நீளக் காம்பு, அதன் நுனியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வெள்ளையும் மஞ்சளுமாய் ஒரு பூ. பெரியவர்களுக்கு அது வெட்டுக்காயப் பூண்டு, பிள்ளைகளுக்குத் தாத்தாப்பூ. காம்பைப் பிடித்துக் கட்டைவிரலால் சுண்டி, தலையைப் பறக்கவிட்டு விளையாடுவார்கள். பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. தாவரவியல் புத்தகத்தில் இதன் குடும்பம் 'ஆஸ்டரேசியே'. சாமந்தி, சூரியகாந்தி, கரிசலாங்கண்ணி, பார்த்தீனியம் எல்லாம் அதே குடும்பம்தான். 25,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு.

கிரேக்கத்தில் 'ஆஸ்டர்' என்றால் விண்மீன். அந்தப் பெயருடைய ஒரு பேரினத்தை (நெருங்கிய இனங்களின் தொகுதியை) வைத்து 1820-இல் குடும்பத்துக்கு இப்படிப் பெயர் வந்தது. அதற்கு முன்பே, 1792-இல், 'காம்போசிட்டே' என்ற பெயர் இருந்தது. சேர்த்து அமைத்தது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. பெயரிடும் விதிகள் இன்றும் இரண்டையும் ஏற்கின்றன.

எதைச் சேர்த்து அமைத்தது? ஆயுத பூஜைக்கு வடசென்னையில் லாரிக்கும் பட்டறைக்கும் மாலையாகப் போடுகிறோமே, அந்தத் துலுக்கச் சாமந்தியைக் கேளுங்கள். செடியிலேயே முற்றிக் காய்ந்த ஒரு பூவைப் பிய்த்துப் பாருங்கள். ஒவ்வொரு 'இதழி'ன் அடியிலும் ஒரு கறுப்புக் குச்சி இருக்கும். அது விதை. அப்படியென்றால் நாம் இதழ் என்று நினைத்தது தனிப் பூ. நாம் பூ என்று நினைத்தது ஒரு பூங்கூட்டம். தாவரவியலில் இதற்குத் தலைமஞ்சரி என்று பெயர். சூரியகாந்தியில் விளிம்பு மலர்கள் மலட்டுப் பூக்கள், வண்டுகளை அழைப்பதற்கு மட்டும். விதை நடுத்தட்டில் நெருக்கமாக நிற்கும் சிறு பூக்களில்தான் பிடிக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சூரியகாந்திக் குடும்பம் என்பது வழக்கில் இருக்கிறது, தப்பில்லை. ஆனால் அது ஒரு உறுப்பினரின் பெயரை எல்லாருக்கும் ஒட்டுகிறது. விண்மீன் குடும்பம் என்று பெயர்த்தால் ஒன்றுமே விளங்காது. கூட்டுப்பூக் குடும்பம் என்பதே என் தேர்வு. அமைப்பை நேரே சொல்கிறது, கேட்ட மாத்திரத்தில் பிள்ளைக்கும் புரியும்.

அப்புறம் இன்னொரு சொல், எனக்கு மிகவும் பிடித்தது. தாத்தாப்பூ முற்றினால் விதையின் தலையில் வெள்ளை முடி குச்சமாக விரிந்து காற்றில் பறக்கும். பூவின் வெளிவட்டமான புல்லிவட்டம் மாறி உருவான முடி அது. தாவரவியலில் அதன் பெயர் 'பாப்பஸ்'. கிரேக்க மூலத்தில் 'பாப்போஸ்' என்றால் என்ன தெரியுமா? தாத்தா! எங்கோ கிரேக்கத்தில் ஒருவர் கண்ட அதே நரைத்தலையைத்தான் ராயபுரத்துப் பிள்ளைகளும் கண்டிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. பாப்பஸ் என்று அப்படியே எழுதுவதைவிட 'நரைத்தூவி' என்று எழுதலாம். பூவின் பெயரைப் பிள்ளைகள் ஏற்கெனவே வைத்துவிட்டார்கள்.