சொந்த விமானம்: மெக்கானிக் கையெழுத்துப் போட்டாலும் பொறுப்பு உங்களுடையதுதான்

அமெரிக்காவில் சின்ன விமானம் ஒன்றைச் சொந்தமாக வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விலையை விசாரிப்பார்கள். அப்புறம் ஹேங்கரில் இடம் கிடைக்குமா என்று பார்ப்பார்கள். விதிப்புத்தகம் கடைசியில்தான் கைக்கு வரும். அதில் ஒரு வரியை மட்டும் முதலிலேயே படித்துவிட்டால் மற்றவை பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும். மத்திய விமான விதிகளின் 91ஆம் பாகம், 403ஆவது பிரிவு சொல்வது இது: விமானத்தைப் பறக்கத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் முதல் பொறுப்பு அதன் உரிமையாளருக்கு, அல்லது அதை இயக்குபவருக்கு. மெக்கானிக் என்ற சொல்லே அந்த வரியில் கிடையாது.

"அவர்தான் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாரே" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தான் செய்த வேலைக்கும், ஆய்வு செய்த அன்று விமானம் இருந்த நிலைக்கும் மெக்கானிக் பதில் சொல்வார். அடுத்த மாதம் டயர் தேய்ந்தாலோ, அதற்கடுத்த மாதம் ஒரு பாகத்தின் கெடு முடிந்தாலோ அது உங்கள் கணக்கு. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் விமானம் பறக்கத் தகுந்ததா என்று தீர்மானிக்க வேண்டியவர் பைலட் என்று இன்னொரு பிரிவு சொல்கிறது. சொந்த விமானத்தில் இரண்டு பேரும் அநேகமாக ஒரே ஆள்தான்.

'பறக்கத் தகுந்தது' என்றால் நன்றாகப் பறக்கிறது என்று மட்டும் பொருள் இல்லை. அரசு ஒப்புதல் தந்த வடிவமைப்புக்கு ஏற்றபடி விமானம் இருக்க வேண்டும். பாதுகாப்பாக இயக்கக்கூடிய நிலையிலும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் தகுதி போய்விடும். இருக்கைக்கு அழகான துணி வாங்கி நீங்களே உறை தைத்து மாட்டியிருக்கலாம். விமானம் முன்போலவே பறக்கும். ஆனால் அந்தத் துணி தீப்பிடிப்புச் சோதனையில் தேறியதற்குச் சான்று இல்லை என்றால் காகிதப்படி உங்கள் விமானம் தரையில்தான் இருக்க வேண்டும்.

யார் வாங்கலாம் என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுவோம். நம்மவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இது. அமெரிக்கப் பதிவில் தனிநபர் பெயரில் விமானம் இருக்க வேண்டுமானால் அவர் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும். எச்1பி விசாவில் இருப்பவர் தன் பெயரில் பதிய முடியாது. டிரஸ்ட் வழியாகப் பதியும் முறை ஒன்று உண்டு. அதற்கு வக்கீல் வேண்டும். பதிவேடு ஓக்லஹோமா சிட்டியில் இருக்கிறது. விற்பவர் சொல்வதை நம்பிப் பணத்தைக் கொடுக்குமுன், அந்த விமானத்தின் மேல் கடன் பாக்கி ஏதும் இருக்கிறதா என்று அங்கே தேடிப் பார்ப்பது, வீடு வாங்குமுன் வில்லங்கம் பார்ப்பது மாதிரி. பதிவு முன்பு 3 ஆண்டுக்கு ஒருமுறை காலாவதியாகும். 2023 ஜனவரியிலிருந்து அது 7 ஆண்டு. நீண்டுவிட்டதே என்று மகிழ்ந்தவர்கள் மறந்தும் போகிறார்கள்.

பறக்கும்போது விமானத்தில் நான்கு காகிதங்கள் இருக்க வேண்டும்: பறக்கும் தகுதிச் சான்றிதழ், பதிவுச் சான்றிதழ், இயக்க வரம்புகளைச் சொல்லும் கையேடு, எடை–சமநிலைக் கணக்கு. தகுதிச் சான்றிதழுக்குக் காலாவதித் தேதி கிடையாது. முறைப்படி பராமரிக்கும்வரை செல்லும், பராமரிப்பு நின்றால் செல்லாது. அந்தப் 'பராமரிக்கும்வரை' என்ற நிபந்தனைக்குள்தான் ஆனுவல் வருகிறது.

ஆனுவல் என்பது 12 காலண்டர் மாதத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டிய முழு ஆய்வு. 2025 மார்ச் 10 அன்று முடிந்தால் 2026 மார்ச் 31 நள்ளிரவுவரை செல்லும். அதற்கு மேல் ஒரு நாள்கூட சலுகை இல்லை. கெடு முடிந்த விமானத்தைப் பக்கத்து ஊர் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகவும் தனி அனுமதி வாங்கித்தான் பறக்க வேண்டும். ஏர்ஃபிரேம் எனப்படும் விமானத்தின் உடல், எஞ்சின் இரண்டுக்கும் லைசென்ஸ் வைத்திருக்கும் சாதாரண மெக்கானிக் பழுது பார்க்கலாம். ஆனால் ஆனுவலில் கையெழுத்துப் போட அதற்கு மேல் ஆய்வு அதிகாரமும் அவரிடம் இருக்க வேண்டும். 100 மணி நேர ஆய்வு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வாடகைக்கு ஆள் ஏற்றும் விமானத்துக்கும், ஆசிரியர் தாமே விமானம் கொடுத்துக் கட்டணத்துக்குக் கற்றுத்தரும் விமானத்துக்கும். சொந்த உபயோகத்துக்கு மட்டும் வைத்திருப்பவரைக் கட்டுப்படுத்தாது.

ஆனுவலில் விமானம் 'ஃபெயில்' ஆனால் என்ன நடக்கும்? ஆய்வாளர் குறைகளைப் பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டு உங்களிடம் கொடுப்பார். ஆய்வு அதோடு முடிந்தது. குறைகளை வேறு மெக்கானிக்கிடம் சரிசெய்து, பராமரிப்புக் குறிப்பேடான லாக்புக்கில் எழுதி வாங்கினால் போதும், மறுபடியும் முழு ஆனுவல் தேவையில்லை. இது தெரியாமல், விலை ஒத்துவராத ஒரே கடையில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் உண்டு.

இனி உங்கள் கையாலேயே செய்யக்கூடியவை. பிரைவேட் பைலட் லைசென்ஸாவது வைத்திருப்பவர், தான் வைத்திருக்கும் அல்லது இயக்கும் விமானத்தில் முன்தடுப்புப் பராமரிப்பு வேலைகளைச் செய்து, தானே கையெழுத்திட்டுப் பறக்க விடலாம். அதே விதிகளின் 43ஆம் பாகத்தின் முதல் பிற்சேர்க்கையில் பட்டியல் இருக்கிறது: டயர் கழற்றி மாட்டுவது, வீல் பேரிங்குக்குக் கிரீஸ், ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்து இடைவெளி சரிசெய்வது, பேட்டரி மாற்றுவது, லேண்டிங் லைட் ஒயரிங் சரிசெய்வது இப்படி. பிரேக் ஷூ, கண்ட்ரோல் கேபிள், எஞ்சினின் உள்பாகங்கள் இதில் வராது. மெக்கானிக் பக்கத்தில் இருந்து மேற்பார்வையிட்டால் அவற்றிலும் நீங்கள் கை வைக்கலாம், கையெழுத்து அவருடையது. ஆனால் ஆய்வு செய்யும் வேலையை மட்டும் அவர் உங்களிடம் விட முடியாது.

ஆயில் மாற்றுவதையே எடுத்துக்கொள்வோம். லைகமிங் கம்பெனி எஞ்சினில் ஆயில் முழுவதையும் வடிகட்டும் ஃபில்டர் இருந்தால் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது 4 மாதத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறார்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது வடித்துவிட்டு, பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் கட்டரால் வட்டமாக அறுத்துத் திறக்க வேண்டும். உள்ளே விசிறிபோல் மடிந்திருக்கும் காகிதத்தை விரித்து வெயிலில் காட்டிப் பாருங்கள். கரித்தூள் இருந்தால் கவலையில்லை. மினுமினுக்கும் துகள் இருந்தால் காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அநேகமாக அலுமினியம். எதுவாயிருந்தாலும் அன்று பறக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் அதற்குரிய மசகைக் கொஞ்சம் தடவி, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு முறுக்கி, ஃபில்டர் தளராமல் பிடித்துவைக்கும் சேஃப்டி வயரை ஃபில்டர் இறுகும் பக்கமாக இழுக்கும்படி கட்ட வேண்டும். முதல் முறை கட்டும்போது அநேகமாக எல்லோரும் தளரும் பக்கமாகத்தான் கட்டுவார்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டுக் கசிவு பார்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் லாக்புக்கில் இப்படி எழுதலாம் (டாக் என்பது எஞ்சின் ஓடிய மணிக் கணக்கு): "2025 ஜூன் 12. டாக் 2314.6. எஞ்சின் ஆயில் 8 குவார்ட் மாற்றப்பட்டது. ஃபில்டர் மாற்றி சேஃப்டி வயர் கட்டப்பட்டது. பழைய ஃபில்டரில் உலோகம் இல்லை. ஓடவிட்டுப் பார்த்ததில் கசிவு இல்லை." கீழே பெயர், கையெழுத்து, லைசென்ஸ் எண், என்ன வகை லைசென்ஸ். எழுதாத வேலை, விதியின் கண்ணுக்குச் செய்யாத வேலை.

அடுத்தது ஏ.டி. எனப்படும் பறப்புத் தகுதி ஆணைகள். ஒரு மாடலில் ஆபத்தான குறை தெரிந்தால் அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. பிறப்பிக்கும் கட்டளை அது. சட்டத்தின் வலிமை அதற்கு உண்டு. செஸ்னா விமானங்களின் இருக்கைத் தண்டவாளத்துக்கான ஆணை எல்லோருக்கும் தெரிந்தது. இருக்கை ஒரு தண்டவாளத்தில் நகரும்; அதிலுள்ள துளைக்குள் பின் விழுந்து நிற்கும். துளை தேய்ந்து நீளும்போது பின் சரியாகப் பிடிக்காது. மூக்கு மேலே எழும் அந்த நொடியில் இருக்கை பின்னால் வழுக்கினால் பைலட் கையில் பிடித்திருக்கும் யோக் என்ற ஸ்டியரிங்கையும் சேர்த்து இழுத்துவிடுவார். விமானம் இன்னும் செங்குத்தாக எழும்பி ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் 100 மணி நேரத்துக்கு, அல்லது 12 மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தண்டவாளத்தை அளந்து பார்க்கச் சொல்கிறார்கள். ஆனுவலுக்கு நடுவிலேயே 100 மணி நேரம் ஓட்டிவிட்டால் கெடு முன்னால் வந்துவிடும், மெக்கானிக் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்.

கம்பெனி வெளியிடும் சர்வீஸ் புல்லட்டின் வேறு. தலைப்பில் 'கட்டாயம்' என்று போட்டிருந்தாலும் தனியார் விமானத்தைப் பொதுவாக அது கட்டாயப்படுத்தாது. எஞ்சினைப் பிரித்து ஓவர்ஹால் செய்யச் சொல்லும் 2000 மணி நேரக் கணக்கும் பரிந்துரைதான். ஆனால் எதையும் தள்ளிப்போடுமுன் அதை எதற்காக வெளியிட்டார்கள் என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

மற்ற கெடுக்களை வேகமாகச் சொல்கிறேன். விபத்தில் தானாகச் சைகை அனுப்பும் இ.எல்.டி. கருவிக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை சோதனை; அதன் பேட்டரி மொத்தம் 1 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தாலோ ஆயுளில் பாதி கடந்தாலோ மாற்ற வேண்டும். ரேடாருக்குப் பதில் சைகை தரும் டிரான்ஸ்பாண்டருக்கு 24 மாதம். மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பறப்பவர்களுக்கு உயரம் காட்டும் ஆல்டிமீட்டரின் சோதனையும் 24 மாதம்.

விமானத்துக்கு இருப்பதுபோல் பைலட்டுக்கும் கெடு உண்டு. 24 காலண்டர் மாதத்துக்கு ஒருமுறை ஆசிரியரோடு குறைந்தது 1 மணி நேரப் பாடமும் 1 மணி நேரப் பறப்பும். ஆள் ஏற்ற வேண்டுமானால் கடந்த 90 நாளுக்குள் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். இரவில் ஆள் ஏற்ற, அந்த மூன்று முறையும் இரவில் முழுதாக நின்று கிளம்பியிருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்று 40 வயதுக்குக் கீழ் 60 மாதம், அதற்கு மேல் 24 மாதம். 2017 மே முதல் பேசிக்மெட் என்ற மாற்று வழி இருக்கிறது: 48 மாதத்துக்கு ஒருமுறை வழக்கமான டாக்டரிடம் பரிசோதனை, 24 மாதத்துக்கு ஒருமுறை ஆன்லைன் பாடம். ஆனால் 2006 ஜூலை 14க்குப் பிறகு ஒருமுறையாவது செல்லுபடியாகும் பழைய மருத்துவச் சான்று வைத்திருந்தவர்களுக்குத்தான் அது.

நண்பர்களை ஏற்றிப்போனால் பெட்ரோல், ஆயில், விமான நிலையக் கட்டணம் ஆகியவற்றைத் தலைக்குச் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம், உங்கள் பங்கை நீங்கள் கட்டாயம் போட வேண்டும். ஆனுவல் செலவில் பாதியைக் கேட்டால் அது தொழில் ஆகிவிடும்.

கிளம்புமுன் ஒவ்வொரு டேங்கின் அடியிலிருந்தும் கொஞ்சம் பெட்ரோல் பிடித்துப் பாருங்கள். சின்ன விமானங்களுக்கான 100எல்.எல். பெட்ரோல் மெல்லிய நீலம், தண்ணீர் இருந்தால் அடியில் குமிழாக உருண்டு நிற்கும். முழுக் கோப்பையும் நிறமில்லாமல் தெளிவாக இருந்தால் சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், அது முழுக்கத் தண்ணீராகவே இருக்கலாம். பகலில் போய்ச் சேர்ந்த பிறகும் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் பறக்கும் அளவுக்கு மிச்சம் இருக்கும்படி நிரப்ப வேண்டும் என்பது விதி. நான் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்வேன்.

லாக்புக்குகளை விமானத்துக்குள் வைத்திருக்க வேண்டும் என்று விதி கேட்கவில்லை. மேலே சொன்ன நான்கு காகிதத்தில் அவை இல்லை. வீட்டில் வைத்து, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்துவிடுங்கள். ஏ.டி. கணக்கும் மொத்த மணிக் கணக்கும் விற்கும்போது வாங்குபவரிடம் போக வேண்டியவை. அவை தொலைந்த விமானத்துக்கு வாங்குபவர் கேட்கும் தள்ளுபடி உங்கள் அடிவயிற்றைக் கலக்கும்.