பின்னே போவதும் கெட்டுப்போவதும்

எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றிய ஆங்கில அறிக்கைகளில் 'டிகிரடேஷன்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. கொசஸ்தலையாறு கடலைச் சேரும் அந்த இடத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்ததையும், இறாலும் நண்டும் அருகிப்போனதையும் சுற்றுச்சூழல் ஆய்வாளர் அந்தச் சொல்லால் குறிக்கிறார். அதே சாம்பல் படிவை ஆற்றுப் பொறியாளர் எழுத நேர்ந்தால் 'அக்ரடேஷன்' என்பார். அவருடைய துறையில் இவ்விரண்டும் நேர் எதிர்ச்சொற்கள்: நீரோட்டம் அடிமண்ணை அரித்து ஆற்றுப்படுகை தாழ்ந்தால் டிகிரடேஷன், மண் சேர்ந்து படுகை உயர்ந்தால் அக்ரடேஷன். ஒரே கழிமுகத்தைப் பார்த்து இருவரும் எதிரெதிரான சொற்களை எழுதுகிறார்கள். இருவர் எழுதுவதும் சரிதான்.

தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ரிக்ரெஸ், ரெட்ரோகிரேட், டிகிரேட், டிட்டீரியரேட் ஆகியவற்றைக் 'கெட்டுப்போதல்' என்ற ஒரே பொருள் தரும் சொற்களாக மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வில் அது மதிப்பெண் தரலாம். அறிவியல் நூலைத் திறந்ததும் அதே மனப்பாடம் பொருளை மறைக்கத் தொடங்கிவிடுகிறது என்பதால், இச்சொற்கள் எவ்வாறு உருவாகின என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இவற்றில் பெரும்பாலானவை லத்தீன் மொழியிலிருந்து வந்தவை. அம்மொழியில் 'கிராடி' என்பது அடியெடுத்து வைத்தலையும், 'கிராடுஸ்' என்பது அடியையும் படியையும் குறிக்கும். 'ரீ' என்ற முன்னொட்டு திரும்பி வருதலையும், 'ரெட்ரோ' பின்னோக்கிய திசையையும், 'டே' கீழிறங்குதலையும் காட்டும். எனவே ரிக்ரெஸ் என்பது திரும்பி அடிவைத்தல். டிகிரேட் என்பது படியிலிருந்து இறக்குதல். நோய் மீண்டும் தாக்குவதைக் குறிக்கும் ரிலாப்ஸ் என்பதில் வழுக்குதலும், டிக்ளைன் என்பதில் சாய்தலும், டிகே என்பதில் விழுதலும் வேராக நிற்கின்றன. இவை அனைத்தும் உடலின் அசைவுகள். டிட்டீரியரேட் மட்டும் வேறு வகையைச் சேர்ந்தது. 'கீழே' என்ற வேருடன் ஒப்பீட்டு விகுதி சேர்ந்து 'இன்னும் தாழ்ந்த' என்ற பெயரடை முதலில் உருவாகி, அதிலிருந்து இந்த வினை பிறந்தது. இதில் யாரும் எங்கும் நடப்பதில்லை. 'மேலும் மோசமான' என்று பொருள்படும் வொர்ஸ் என்ற பழைய ஆங்கிலச் சொல்லும் இப்படிப்பட்ட ஒப்பீட்டுச் சொல்லே.

ஆக, ஒரு கூட்டம் திசையைச் சொல்கிறது. மற்றொரு கூட்டம் மதிப்பைச் சொல்கிறது. இரண்டும் கலந்துபோனதற்குக் காரணம் மனித மனத்தின் பழக்கம். நல்லதை மேலும் முன்னும், கெட்டதைக் கீழும் பின்னுமாக வைத்துப் பேசுவதை மொழியியலாளர் ஜார்ஜ் லேக்காஃப், தத்துவ அறிஞர் மார்க் ஜான்சன் ஆகிய இருவரும் 1980-இல் ஆங்கில எடுத்துக்காட்டுகளுடன் விரிவாக விளக்கினார்கள். தமிழும் அதற்கு விலக்கன்று. 'முன்னேற்றம்' என்ற சொல்லில் முன்னும் இருக்கிறது, ஏற்றமும் இருக்கிறது.

அறிவியல் துறைகள் திசைச்சொற்களை எடுத்துக்கொள்ளும்போது பெரும்பாலும் மதிப்பை உதறிவிடுகின்றன. ஸ்டான்லி மருத்துவமனையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் கட்டி 'ரிக்ரெஷன்' அடைந்திருப்பதாக மருத்துவர் எழுதினால், கட்டி சுருங்கியிருக்கிறது என்று பொருள். வீட்டார் மகிழ வேண்டிய செய்தி அது. பின்வாங்குவது நோயாளி அல்லர், நோய். புள்ளியியலில் இதே சொல்லை நிலைநிறுத்தியவர் ஆங்கிலேய ஆய்வாளர் பிரான்சிஸ் கால்டன். 205 பெற்றோர் இணைகளுக்குப் பிறந்து வளர்ந்த 928 பேரின் உயரங்களை ஆராய்ந்து அவர் 1886-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடக் குட்டையாகவும், மிகக் குட்டையான பெற்றோரின் பிள்ளைகள் பெற்றோரைவிட உயரமாகவும் இருந்தார்கள். இரு சாராரும் சராசரியை நோக்கித் திரும்பியதையே அவர் ரிக்ரெஷன் என்றார். குட்டையானவர்களின் பிள்ளைகள் வளர்ந்திருப்பதற்கும் அதே பெயர்தான் என்பதை நம் பாடநூல்கள் அழுத்திச் சொன்னால் மாணவர்களுக்குப் பெரிய குழப்பம் ஒன்று தீரும்.

வானியலில் ரெட்ரோகிரேட் என்பதற்கு நம் பஞ்சாங்கத்தில் வக்கிரம் என்று பெயர். செவ்வாய் சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறை, இரண்டு மாதங்களுக்கும் சற்று அதிகமான காலம், விண்மீன்களின் பின்னணியில் மேற்கு நோக்கி நகர்வதாகத் தெரிகிறது. உள்வட்டத்தில் விரைவாகச் சுற்றும் பூமி செவ்வாயைக் கடந்து செல்லும்போது ஏற்படும் தோற்றமே அது. செவ்வாய் தன் பாதையில் ஒருபோதும் திரும்புவதில்லை. ஆயினும் வளைவு என்ற பொருளுடைய வக்கிரம் நம் பேச்சில் கோணல் புத்தியையும் குறிக்க வந்துவிட்டது. திசையும் மதிப்பும் ஒட்டிக்கொள்ளும் அதே நிகழ்வுதான் இது.

காலத்தைப் பற்றிப் பேசும்போது தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடு தென்படுகிறது. ஆங்கிலத்தில் கடந்த காலம் பொதுவாகப் பின்னால் கிடப்பது. ஆகவே பழைய நிலையை அடைவது பின்னே போவதாகிறது. நமக்கோ கடந்தது 'முன்பு', வரப்போவது 'பின்பு'. முன்னோர் நமக்கு முன்னே நடந்தவர்கள், பின்னால் வருபவர்கள் நம் பேரப்பிள்ளைகள். ரிக்ரெஷன் என்பதைப் 'பின்னடைவு' என்று மொழிபெயர்த்தால் தோல்வியின் சாயல் மட்டும் வருகிறது, பழைய நிலை என்ற குறிப்பு வருவதில்லை. 'முன்னிருந்த நிலைக்குத் திரும்புதல்' நீளமாக இருந்தாலும் எனக்கு அதுவே சரியாகப் படுகிறது.

ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரையில் திசையும் மதிப்பும் உண்மையாகவே ஒன்றுசேர்கின்றன. சோழமண்டலக் கடற்கரையில் அலைகள் மணலை ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. 1870-களில் சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் கட்டத் தொடங்கியதும் அந்த மணல் தெற்கே தேங்கி மெரினாவை அகலப்படுத்தியது. வடக்கே அலைகள் எடுத்துச்சென்ற மணலுக்கு ஈடாகப் புது மணல் வராததால், கரை அரிபட்டு நிலத்தை நோக்கிப் பின்வாங்கியது. பொறியாளர்கள் இதைக் கரையின் 'ரிசெஷன்' என்கிறார்கள். நிலவியலில் கடல் நிலத்தின்மேல் ஏறி வருவதற்கு டிரான்ஸ்கிரெஷன் என்றும், கடல் விலகிப் போவதற்கு ரிக்ரெஷன் என்றும் பெயர்; சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது, கரை கிழக்கே வெகுதூரம் தள்ளியிருந்தது. அங்கே ரிக்ரெஷன் என்றால் நிலம் கூடியது என்று பொருள். இங்கே ரிசெஷன் என்றால் படகை இழுத்து வைக்கவும் வலை உலர்த்தவும் இருந்த மணல்வெளி குறைந்தது என்று பொருள். அதைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளைக் கருங்கற்களால் அமைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவும் தன் தெற்குப் பக்கத்தில் மணலைப் பிடித்து வைக்கிறது. வரிசையின் கடைசி வளைவுக்கு வடக்கே இருக்கும் கரைக்கு அந்த மணல் கிடைக்காமல் போவதால், அரிப்பு அங்கே இடம்பெயர்கிறது.