ரவுட்டர்: திசைவியா, குடைவியா?

மரவேலைக் கருவிகள் விற்கும் இணையக் கடைகளைத் தமிழில் திறந்தால் 'மரத் திசைவி' என்றொரு பொருள் கண்ணில் படும். படத்தில் இருப்பதோ இரண்டு கைப்பிடி வைத்த மோட்டார். அதன் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு அலகு. வீட்டுக்குள் இணைய இணைப்பைப் பங்கிட்டுத் தரும் பெட்டிக்குத் திசைவி என்று பெயர் வைத்தோம். நல்ல பெயர்தான். மொழிபெயர்ப்பு எந்திரம் ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் பார்த்துவிட்டு, பலகையில் பள்ளம் பறிக்கும் கருவிக்கும் அதையே ஒட்டிவிட்டது. தச்சர் எவரும் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. அவர்களுக்கு அது ரவுட்டர்.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்துக்கூட்டல் ஒன்று, பிறப்பு வேறு. இணையப் பெட்டியின் பெயர் வழியைக் குறிக்கும் 'ரூட்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கு மூலம் 'உடைக்கப்பட்டது' என்று பொருள்படும் லத்தீன் 'ருப்தா'. தடையை உடைத்துப் போட்ட பாதை என்பது கருத்து. மரவேலைக் கருவியின் பெயரோ பன்றியிடமிருந்து வந்தது. பன்றி மூக்கால் மண்ணைக் கிளறுவதைப் பழைய ஆங்கிலத்தில் 'வ்ரோட்டன்' என்றார்கள். அது தேய்ந்து, வழியோடு தொடர்பில்லாத வேறொரு 'ரூட்' ஆனது. அதன் இன்னொரு வடிவமான 'ரவுட்', மரத்திலோ உலோகத்திலோ பள்ளம் பறிப்பதற்கு வழங்கியது. பிரிட்டனில் இணையப் பெட்டியை ரூட்டர் என்றும் மரக்கருவியை ரவுட்டர் என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் இரண்டையும் ரவுட்டர் என்றே சொல்லிவிடுவார்கள். ஒலிக்கிறபடி எழுதும் நமக்கு அந்தக் குழப்பம் வரவே நியாயமில்லை. எந்திரத்தை நம்பி நாமாக வரவழைத்துக்கொண்டோம்.

பன்றி கிளறுவதற்குத் தமிழில் சொல் பஞ்சமா என்ன? புறநானூற்றின் 168ஆம் பாட்டில், மலைச்சரிவில் காந்தளின் கொழுத்த கிழங்கு வெளியே தெரியும்படி காட்டுப்பன்றி 'கிண்டி' எடுக்கிறது. 'கேழல் உழுத' அந்தப் புழுதியில், குறவர்கள் தாங்கள் உழாமலே தினை விதைக்கிறார்கள். ஆங்கிலச் சொல்லின் கருத்துக்கு இதைவிட நெருக்கமான இடம் கிடைக்காது. ஆனால் கருவிக்குக் 'கிண்டி' என்று பெயர் வைக்க முடியாது. மூக்குவைத்த செம்புக்கு அந்தப் பெயர் எப்போதோ போய்விட்டது.

மின்சாரம் வருவதற்கு முன்பே கருவி இருந்தது. ஒரு மரக்கட்டை, அதன் நடுவிலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இரும்பு. உளியால் தோண்டிய பள்ளத்தின் தரையை ஒரே ஆழத்துக்குச் சமன்செய்வது அதன் வேலை. ஆங்கிலேயத் தச்சர்கள் அதற்குக் 'கிழவிப் பல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒற்றைப் பல்லோடு இருக்கும் அந்தக் கட்டையைப் பார்த்தவர்கள் பெயரை மறக்க மாட்டார்கள். 1880களில் அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் அதை இரும்பில் வார்த்து விற்றது. கையில் பிடிக்கும் மின் ரவுட்டர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவானது. அதைப் பரவலாக்கிய கார்ட்டர் என்பவரின் தொழிலையும் 1929ல் ஸ்டான்லியே வாங்கிக்கொண்டது.

பெயர்ப்பலகை செதுக்குகிறவர் கையில் பார்த்தால்தான் இந்தச் சொல் முழுதாக விளங்கும். அமெரிக்க வனத்துறையின் பழுப்புப் பலகைகளில் இளமஞ்சளாகத் தெரியும் எழுத்துகள் இந்தக் கருவியால் குடைந்தவை. அவை அளவு பிசகாத அரசாங்க எழுத்துகள். அங்கேயே சந்தைகளிலும் சுற்றுலா ஊர்களிலும் இன்னொரு வகை ஆட்கள் இருக்கிறார்கள். குடும்பப் பெயரைச் சொன்னால், அச்சுத் தகடும் கிடையாது, கணினியும் கிடையாது, நின்ற நிலையில் பலகையில் வெட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். பென்சில் கோடுகூடப் போடாதவர்கள் உண்டு. ஆங்கிலம் இதை வெறுங்கை வேலை என்கிற தொனியில் சொல்கிறது. தமிழில் 'கைப்போக்கு' போதும்: கைப்போக்கில் வெட்டிய பலகை.

கைப்போக்கு என்றால் கை போகிற போக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கையைத் தன் போக்குக்கு இழுக்கப் பார்ப்பது கருவி. அலகு நிமிடத்துக்கு 10,000 முதல் 30,000 முறை வரை, மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. எந்தப் பக்கம் தள்ளினாலும், போகும் திசைக்கு இடப்புறமாகவே கருவி ஒதுங்கும். பழகியவரின் மணிக்கட்டு அதை எதிர்பார்த்து எப்போதும் கொஞ்சம் வலப்புறம் அணைத்தபடி இருக்கும். பைன் போன்ற மரமாக இருந்தால் இன்னொரு தொல்லை: வளர்ச்சி வளையங்களில் மென்பட்டையும் வன்பட்டையும் மாறிமாறி வரும். அலகு மென்பட்டையில் வழுக்கிக்கொண்டு ஓடும், வன்பட்டையில் முட்டி விலகும். அதனால் பலர் உயரமான கைப்பிடிகளை விட்டுவிட்டு அடித்தட்டின் விளிம்பையே பற்றி, உள்ளங்கையின் ஓரத்தைப் பலகையில் ஊன்றிக்கொள்கிறார்கள். எழுதும்போது கையை மேசையில் ஊன்றுவோமே, அதே பிடி.

எழுத்துக்கு உகந்தது இருபுறமும் சரிந்து கீழே கூராக முடியும் அலகு. அதில் ஆழம் கூடக்கூட அகலமும் கூடும். 90 பாகை அலகை 6 மில்லிமீட்டர் இறக்கினால் கோடு 12 மில்லிமீட்டர் அகலம் விழும். 60 பாகை அலகில் அதே ஆழத்துக்கு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர்தான். பலகை சற்றே வளைந்திருந்தாலும் எழுத்து ஓரிடத்தில் பருத்து ஓரிடத்தில் மெலிந்துவிடும். தமிழ் எழுத்தில் சுழிகள் வேறு. 'ழ', 'ண' போன்றவற்றில் சுழிக்குள் தீவாக நிற்கும் சிறு மரத்துண்டு, நார் குறுகியதாக இருந்தால் பொசுக்கென்று தெறித்துப் போகும். சுழியைக் கொஞ்சம் பெரிதாகப் போடுவதே வழி. வெட்டி முடித்ததும் பள்ளத்தில் கறுப்படித்து, மேற்பரப்பைத் தேய்த்து எடுப்பார்கள். கறுப்படிப்பதற்குமுன் ஒரு பூச்சு வார்னிஷ் கொடுக்காவிட்டால் மை நாரோடு ஊறி எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும்.

சரி, கருவிக்குத் தமிழ் என்ன? தச்சர் வழக்கில் நீளப் பள்ளத்துக்குக் 'காடி' என்ற சொல் இருக்கிறது. காடி எடுப்பது என்பார்கள். அகராதியில் 'தவாளிப்பு' என்ற அழகான சொல்லும் உண்டு. ஆனால் காடி நேர்கோட்டுக்குப் பொருந்தும் அளவுக்கு எழுத்துக்குப் பொருந்தாது. புளித்த கஞ்சிக்கும் அதே பெயர். தவாளிப்பு இன்று விளக்கம் சொல்லாமல் புரியாது. துருவி தேங்காய்க்குப் போய்விட்டது.

என் தேர்வு 'குடைவி'. உள்ளே புகுந்து பறித்து எடுப்பது குடைதல். வண்டு மரத்தைக் குடையும். மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் குடைவரை. சுற்றும் அலகை மேலிருந்து நேராக மரத்துக்குள் இறக்கும் வகை ரவுட்டர் ஒன்று உண்டு. ஆங்கிலப் பெயர் அதை நீரில் முங்குவதாகச் சொல்கிறது. தமிழில் குடைதலுக்கு முங்கிக் குளித்தல் என்ற பொருளும் இருக்கிறது: திருப்பாவையின் 'குள்ளக் குளிரக் குடைந்து நீராடாதே'. தனியாக ஒரு சொல் தேடவே வேண்டாம். அமைப்பிலும் திசைவிக்கு இணையாக நிற்பதால், இரண்டையும் அருகருகே எழுதினால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

குறை ஒன்று உண்டு. மேசை விளிம்பை உருட்டவும் ஓரத்தில் வளைவு வைக்கவும் இதே கருவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். அது குடைதல் ஆகாது. சன்மைக்கா ஓரத்தைச் சீவும் சிறிய வகையை நம் பட்டறைகளில் 'டிரிம்மர்' என்கிறார்கள். அதற்கு 'ஓரஞ்சீவி' என்று வைக்கலாம். பெரியதற்கு ஓரவேலையும் சேர்ந்துதான் வரும் என்றாலும் குடைவி என்பதே நிற்கட்டும்; பேச்சில் ரவுட்டர் என்பது தொடர்வதில் எனக்கு வருத்தமில்லை. விற்பனைப் பக்கத்தில் 'குடைவி (ரவுட்டர்)' என்று போட்டால் வாங்குகிறவருக்குக் குழப்பமிருக்காது.