22.4 லிட்டர் ஓசூரில் ஏன் பொருந்தவில்லை?

ஓசூரிலிருந்து ஒரு பிளஸ் ஒன் மாணவி கேட்டிருக்கிறார்: 0.0486 கிராம் மெக்னீசிய நாடாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால், கணக்குப்படி 44.8 மி.லி. ஹைட்ரஜன் வர வேண்டும். தண்ணீரில் கவிழ்த்த அளவு ஜாடியிலோ 58 மி.லி. நிற்கிறது. தவறு எங்கே?

சோதனையில் தவறில்லை. நாடா 0.002 மோல் (மோல் என்பது அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணும் அலகு). ஒரு மெக்னீசிய அணுவுக்கு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு வரும், அதனால் ஹைட்ரஜனும் 0.002 மோல். அதை, ஒரு மோல் வாயுவின் கன அளவு என்று படிக்கும் 22.4 லிட்டரால் பெருக்கியதில்தான் வழுக்கல். அந்த எண் 0 டிகிரி செல்சியசுக்கும் கடல்மட்டக் காற்றழுத்தத்துக்கும் உரியது. சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் காற்றழுத்தம் ஏறக்குறைய 91 கிலோபாஸ்கல்தான். 30 டிகிரி, அதாவது 303 கெல்வின் என்று கொண்டு வாயுச் சமன்பாடான PV = nRT-இல் (அழுத்தம் × கன அளவு = மோல் × வாயு மாறிலி × கெல்வின் வெப்பநிலை) போட்டால் 55.4 மி.லி. வரும்.

மீதி இரண்டரை மி.லி. சொச்சம்? இந்தக் கணக்கின் அழகே அங்கேதான் இருக்கிறது. ஜாடிக்குள் ஹைட்ரஜன் தனியாக இல்லை. கீழேயுள்ள தண்ணீரிலிருந்து மூலக்கூறுகள் ஓயாமல் மேலே கிளம்புகின்றன. சில திரும்பி விழுகின்றன. கிளம்புவதும் விழுவதும் சமமாகும்போது நீராவி தன் பங்குக்கு ஓர் அழுத்தம் தருகிறது. 30 டிகிரியில் அது 4.24 கிலோபாஸ்கல், எந்த ஊரானாலும், மேலே எந்த வாயு இருந்தாலும் அதுவேதான். வெளிக்காற்றின் 91-ஐ இரண்டும் சேர்ந்து தாங்குவதால், ஹைட்ரஜன் தாங்க வேண்டியது 86.8 மட்டுமே. சுமை குறைந்த அளவுக்கு அது விரிகிறது: 58 மி.லி.

அளக்கும் முன் நாடாவை உப்புத்தாளால் தேய்த்து வெண்மையான ஆக்சைடைப் போக்குங்கள். இல்லாவிட்டால் எடையில் ஒரு பகுதி ஹைட்ரஜன் தராது. வினை சூடு கிளப்பும். வாயு அறை வெப்பநிலைக்கு வரும்வரை பொறுங்கள். பிறகு ஜாடியை ஏற்றி இறக்கி, உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டத்தைச் சமமாக்கிப் படியுங்கள். உள்ளே 13.6 செ.மீ. உயர்ந்து நின்றால் 1.33 கிலோபாஸ்கல் பிசகும். கிட்டத்தட்ட 1 மி.லி. கூடுதலாகக் காட்டும்.

கைபேசியின் வானிலைச் செயலி காட்டும் அழுத்தத்தை அப்படியே எடுத்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் கடல்மட்டத்துக்கு மாற்றிய எண். ஓசூரிலும் கடல்மட்டத்துக்குரிய 101 கிலோபாஸ்கல் பக்கமே காட்டும். ஒவ்வொரு பள்ளி ஆய்வகத்துக்கும் ஒரு காற்றழுத்தமானி வாங்கித் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது இல்லாமல் வாயு விதிகளைப் பிள்ளைகள் மனப்பாடம்தான் செய்வார்கள். ஓசூரைவிடத் தாழ்ந்த தர்மபுரியில் அழுத்தம் சுமார் 96. அதே நாடா, அதே 30 டிகிரியில், அங்கே ஏறக்குறைய 55 மி.லி. தரும்.