‘பரோ’ என்றால் நகராட்சியா?

இங்கிலாந்தின் பழைய வரலாற்றைத் தமிழாக்குவோர் ‘பரோ’ (borough) என்ற ஆங்கிலச் சொல் வரும் இடமெல்லாம் ‘நகராட்சி’ என்று போட்டுவிடுகிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டு அரசர் ஆல்பிரட் நகராட்சி அமைத்தார் என்று படித்தால் வரி ரசீதும் குடிநீர்க் குழாயும்தான் கண்முன் வரும். கடல் கடந்து படையெடுத்த டேனியரைத் தடுக்க அவர் எழுப்பியதோ மதில்.

மூலச்சொல் பழைய ஆங்கில ‘புர்ஹ்’. அரண் சூழ்ந்த இடம் என்று பொருள். ஷாஃப்ட்ஸ்பரி என்ற ஆங்கில ஊர்ப்பெயரின் ‘பரி’யும் அதுவே.

‘புரம்’ என்றே எழுதலாமே, ஒலி ஒத்துப்போகிறதே என்பார்கள். ஒலி மட்டும்தான் ஒத்துப்போகிறது. ‘புரம்’ வடமொழி வழி வந்தது; கிரேக்க ‘போலிஸ்’ அதன் உறவு. ‘புர்ஹ்’ உயரத்தைக் குறிக்கும் வேறொரு வேரில் பிறந்தது. மலை எனப் பொருள்படும் ஜெர்மன் ‘பெர்க்’ அதன் உறவு. அதோடு, தமிழில் புரம் ஊர்ப்பெயரின் வாலாகத் தேய்ந்துவிட்டது. ராமாபுரம் என்றால் யாருக்கு மதில் நினைவு வருகிறது?

‘அரணூர்’ என்பதே சரி. குறளில் ஓர் அதிகாரத்துக்கே பெயரான சொல் அரண், விளக்கமே வேண்டாம். தேம்ஸ் கரையிலுள்ள வாலிங்ஃபோர்டைப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்து அரண் பட்டியலில் அதன் காவலுக்கு ஒதுக்கிய பங்கு 2,400 ‘ஹைட்’ நிலம்; ஹைட் என்பது பழைய நில அளவு. ஹைடுக்கு ஓர் ஆள், பதினாறரை அடி மதிலுக்கு 4 ஆள். ஆக 2,400 ஆட்கள் 9,900 அடி மதிலைக் காக்க வேண்டும். மூன்று பக்க மண்மேடு இன்றும் நிற்கிறது. நான்காம் பக்கம் ஆறு. இதை எப்படி நகராட்சி என்பது?

பிற்காலத்துக்கு அரணூர் போதாது. 1086இல் அரசர் எடுத்த நிலக் கணக்கெடுப்பு, வாலிங்ஃபோர்டில் அதற்கு முந்திய எட்வர்ட் அரசர் காலத்தில் 276 மனைகள் 11 பவுண்டு வாடகை தந்ததைச் சொல்கிறது. கோட்டை கட்ட 8 மனைகள் அழிந்தன. 1155இல் இரண்டாம் ஹென்றி தந்த பட்டயத்தால் சுங்க விலக்கும் வணிகர் குழு உரிமையும் கிடைத்தன. அப்போது ‘பட்டயநகர்’ என்க. ஆங்கிலத்தில் ஒரு சொல் என்பதால் தமிழிலும் ஒன்றே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துத்தான் பல மொழிபெயர்ப்புகள் கெடுகின்றன. நகராட்சி என்ற சொல் 1835 நகராட்சிச் சட்டத்துக்குப் பிந்திய பரோக்களுக்கு இருக்கட்டும்.

பரோவில் வாழ்ந்த ‘பர்ஜெஸ்’ (burgess) என்பவரைக் குடிமகன் என்பதும் இதே பிழை. பண்ணை வேலைக்குப் பதில் பணவாடகை கொடுத்து நகர்மனை வைத்திருந்தவர் அவர். ‘மனைக்குடி’ என்றால் அந்தப் பிடிமானம் சொல்லிலேயே தெரியும்.